இடது பாதையில் கிடந்த பாட்டில்

"மாப்பிள்ளை, வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, ஓரமா நிறுத்தறேன்" என்றார் அத்தை, கொண்டை ஊசி வளைவில் காரை ஒற்றைக் கையால் திருப்பிக்கொண்டே.

"வர வேண்டியதெல்லாம் போன வளைவுலயே வந்தாச்சு அத்தை. இனிமே வந்தா குடல்தான்."

அத்தை சிரிக்கவில்லை. வழக்கு கையில் இருக்கும்போது அவர் சிரிப்பதில்லை. வழக்கு இல்லாதபோதும் மருமகன் சொல்வதற்குச் சிரிப்பதில்லை.

அவர்களுடைய துப்பறியும் நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். முதலாளி அத்தை. தீப்பிடித்த கடைகள் தானாகப் பிடித்தனவா, பிடிக்க வைக்கப்பட்டனவா என்று கண்டுபிடித்துச் சொல்லியே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தலை நரைத்தவர். உதவியாளன் அவருடைய ஒரே மகளின் கணவன். உள்ளூர் ரேடியோவில் காலை வேளையில் கடி ஜோக் சொல்லிக்கொண்டிருந்தவன். ரேடியோவை இழுத்து மூடியதும் 'கொஞ்ச நாளைக்கு' என்று அத்தையிடம் வந்து ஒட்டிக்கொண்டான். யாராவது வீட்டோட மாப்பிள்ளை என்று சொன்னால், "ஆபீசோட மாப்பிள்ளை" என்று திருத்துவான்.

முந்தின நாள் மாலை ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். அவளுடைய கணவர் கண் டாக்டர். தன் தம்பியோடு சேர்ந்து சைக்கிள் பயணம் ஒன்றுக்குப் போயிருந்தார். தார் ரோடே இல்லாத மலைக்காட்டில், சரளைக்கல் பாதையில், வழிகாட்டி முன்னால் போக, நாள்கணக்கில் சைக்கிள் மிதிக்கிற பயணம். மூட்டை முடிச்சும் சாப்பாடும் பின்னால் ஒரு வேனில் வரும். மூன்றாம் நாள் காலையில் கூடாரத்திலிருந்து கிளம்பிய டாக்டர் அடுத்த நிறுத்தத்துக்கு வந்து சேரவில்லை.

"என் கொழுந்தனை விசாரிங்க மேடம்" என்றாள் அவள். "முந்தின ராத்திரி ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையாம். கூட வந்தவங்க எல்லாருக்கும் கேட்டிருக்கு. அவன் ஏதோ பண்ணிட்டான்."

அதுதான் இந்த மலைக்கு அவர்கள் வந்த கதை.

பாதை முழுக்க சுண்ணாம்புக்கல். கார் மாவு மில்லுக்குள் புகுந்து வந்ததுபோல வெளுத்துப் போயிருந்தது. ஏற்றம் முடிந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அதே வெள்ளைச் சரளை ஒரு பள்ளத்தாக்கை நோக்கி இறங்கியது. வலது பக்கம் செம்மண். அதன் வாயில் ஒரு போர்டு: 'பாலம் பழுது. செல்லக் கூடாது.' போர்டு காற்றில் சாயாமலிருக்க அதன் காலில் ஒரு பெரிய கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள்.

பிரிவில் போலீஸ் ஜீப் நின்றது. பக்கத்தில் பயண வேன். வேனின் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் தாடி முள் முள்ளாக. அவன்தான் தம்பி என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளைக்குக் குளிரில் பல் கிட்டியது. அப்போதுதான் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த ஒரு ஆள், ஒரு வார்த்தை பேசாமல் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டார். பிறகு பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினார்.

"குடிங்க சார். முதல்ல குடிங்க." குரல் கரகரத்து, பாதிதான் வெளியே வந்தது. உதடு வெடித்திருந்தது.

"இவர்தான் கேப்டன். பயணத்தோட வழிகாட்டி" என்றார் இன்ஸ்பெக்டர். தூக்கம் இல்லாமல் அவர் கண் சிவந்திருந்தது. "ரெண்டு நாளா அந்தப் பள்ளத்தாக்குல கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சு. எங்க ஆளுங்களே உக்காந்துட்டாங்க, இவர் உக்காரலை."

மாப்பிள்ளைக்கு அந்த ஆளைப் பார்த்தவுடனே பிடித்துப்போனது. "கேப்டன், நானா இருந்தா முதல் பாறையிலேயே ராஜினாமா பண்ணியிருப்பேன்."

கேப்டன் சிரிக்க முயன்றார். வரவில்லை.

"எல்லாரும் இடது பக்கமே தேடறீங்க. என்ன காரணம்?" அத்தை நேராக விஷயத்துக்கு வந்தார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே ஒரு சைக்கிள் தண்ணீர் பாட்டில், கழுத்தில் நீல டேப் சுற்றியது. "டாக்டரோட பாட்டில். இடது பாதையில முதல் வளைவு தாண்டிக் கிடந்துச்சு. கண்டெடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? அதோ, தம்பி. அவர் கண்ணுக்கு மட்டும் பட்டிருக்கு."

"பாட்டில் கிடைச்சதாலதான் அந்தப் பக்கம் தேடறீங்க."

"பின்னே? வேற பக்கம் எது இருக்கு?"

"வலது பக்கம் ஒண்ணு இருக்கே."

கேப்டன் குறுக்கே வந்தார். "அங்க யாரும் போக மாட்டாங்க மேடம். பாலம் இத்துப் போனது. அன்னிக்குக் காலைல எல்லாருக்கும் முன்னாடி வந்து அந்தப் போர்டை நிறுத்தினதே நான்தான். டாக்டர் வர்றப்ப போர்டு இருந்துச்சு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுஷன், அதைத் தாண்டிப் போவாரா?"

"நியாயம்தான்" என்றார் அத்தை. பிளாஸ்டிக் பையைத் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். பாட்டில் குலுங்கியது. முக்கால் பாட்டிலுக்குத் தண்ணீர் இருந்தது. அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த சேறு புள்ளி புள்ளியாக.

"மாப்பிள்ளை, இது என்ன கலர்?"

"கல்யாண ரிசப்ஷனுக்கு நான் எடுத்த சட்டை கலர். நீங்க வேணாம்னு திருப்பிக் கொடுக்கச் சொன்னது."

"சரியாச் சொல்லுங்க."

"செங்கல் சிவப்பு அத்தை." சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தான். வெள்ளை. காரைப் பார்த்தான். வெள்ளை. கேப்டனின் கால்சட்டை, இன்ஸ்பெக்டரின் பூட்ஸ், எல்லாம் வெள்ளை.

அத்தை பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.

வேனுக்குள் ஓர் அடுப்பு, இரண்டு தண்ணீர் டிரம், சுவரில் ஹெல்மெட்டுகள். ஒரு மரத்தட்டில் கலர் கலராக டேப் சுற்றிய பாட்டில்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சமையலும் டிரைவர் வேலையும் ஒரே ஆள்தான். வேன்காரர் துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே பேசுகிற ரகம்.

"பாட்டிலை எல்லாம் நீங்கதான் நிரப்புவீங்களா?"

"தினம் காலைல நான்தாம்மா. நல்லாக் கழுவித்தான் நிரப்புவேன். அதுல வாய் வைக்கறாங்க இல்ல? அழுக்குப் பாட்டிலைக் கையில கொடுக்க எனக்கு மனசு வராது."

"அன்னிக்கும் கழுவினீங்களா? ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? முந்தின ராத்திரி தூறல். பாதையெல்லாம் ஈரம். இன்னிக்கு எல்லாப் பாட்டிலும் சேறாத்தான் திரும்பி வரப்போகுதுன்னு புலம்பிட்டே கழுவினேன்." வேன்காரர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் ஐயா தம்பி கூட முகம் கொடுத்துப் பேசலை. பாட்டிலை வாங்கினதும் ஒத்தையா முதல்ல கிளம்பிட்டாரு. அவர் பின்னாடி கேப்டன். மத்தவங்க எல்லாம் ரொம்பப் பிந்தித்தான் ஏத்தத்துக்கே வந்தாங்க."

"தம்பி?"

"கடைசி. என் வேனுக்கு முன்னாடி, தள்ளிக்கிட்டே நடந்தாரு."

அத்தை படியில் உட்கார்ந்திருந்த தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"எதுக்குச் சண்டை தம்பி?"

"அப்பா ஐ.சி.யூல கிடந்தாரு" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "மூச்சுக் குழாயை எடுத்துடலாம்னு என்னைக் கேக்காமலே அண்ணன் கையெழுத்துப் போட்டான். அதைத்தான் அன்னிக்குக் கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். அதுக்காக அவனைக் கொன்னுடுவேனா? அவன் பேசறதுக்குத்தானே என்னை இந்தப் பயணத்துக்கே கூட்டிட்டு வந்தான்..."

முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அத்தை எழுந்தார். நேராகச் செம்மண் பாதையின் வாய்க்குப் போனார். மாப்பிள்ளை பின்னால் ஓடினான். போர்டுக்கு அந்தப் பக்கம் தரை மழமழவென்று இருந்தது. சருகு இல்லை, காலடி இல்லை, கோழி கிளறின தடம்கூட இல்லை.

"அத்தை, நம்ம வீட்டு வாசல்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

"அதைத்தான் நானும் பாக்கறேன். காட்டுக்குள்ள வந்து யாரு பெருக்கினாங்க?" அத்தை இன்ஸ்பெக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டார். "இந்தக் கல்லைக் கொஞ்சம் நகர்த்துங்க மாப்பிள்ளை. உருட்டாதீங்க. அப்படியே தூக்குங்க."

"எனக்கு இடுப்பு..."

"இடுப்பு அப்புறம் பாத்துக்கலாம்."

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக் கல்லைத் தூக்கினான். கல்லுக்கு அடியில் ஈரமாக இருந்தபோது பதிந்து, இறுகிப்போன செம்மண். அதில், ஒரு முழம் நீளத்துக்குத் தெளிவாக, சைக்கிள் டயரின் தடம். கட்டம் கட்டமாக, அச்சு வார்த்ததுபோல. உள்ளே போகிற தடம்.

மாப்பிள்ளை தடம் கலையாமல் கல்லை ஓரமாக இறக்கி வைத்தான்.

"டாக்டர் இந்தப் பக்கம்தான் போயிருக்காரு" என்றார் அத்தை. குரல் உயரவில்லை. "பாட்டில்ல இருக்கறது இந்தச் சேறு. யாரோ அதை எடுத்துட்டு வந்து இடது பக்கம் போட்டிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார். "பாட்டிலைக் கண்டுபிடிச்ச மாதிரி நடிச்சான் இல்ல? நினைச்சேன்!" தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"இன்ஸ்பெக்டர், அவரை அப்புறம் பிடிக்கலாம். ரெண்டு நாளா ஒரு மனுஷன் அந்தப் பக்கம் கிடக்கறாரு. பள்ளத்தாக்குல தேடற தீயணைப்பு ஆளுங்களையும் கயிறையும் இங்க வரச் சொல்லுங்க. கேப்டன், நீங்களும் வாங்க."

கேப்டன் அசையாமல் நின்றார். பிறகு தலையாட்டினார்.

செம்மண் பாதை மரங்களுக்கு நடுவே நேராக ஓடி, திடீரென்று ஒரு வளைவில் இறங்கியது. வேகமாக வருகிறவனுக்கு அந்த இறக்கத்தில் பாலம் தெரியவே தெரியாது. தெரிகிறபோது பாலத்தின் மேலேயே இருப்பான். மரப்பலகைப் பாலம். நடுவில் பலகைகள் உடைந்து, ஒரு ஆள் விழுகிற அளவுக்கு ஓட்டை.

தம்பிதான் முதலில் ஓடினான். குப்புறப் படுத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான்.

"அண்ணா!"

கீழே ஓடையில் தண்ணீர் இல்லை, பாறைகள் மட்டும். வளைந்து முறுக்கிய ஒரு சைக்கிள். அதற்குப் பக்கத்தில் நீலச் சட்டை. ஒரு கால் இருக்கக் கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது.

"அண்ணா!"

நீலச் சட்டை அசைந்தது. தலை மெதுவாகத் திரும்பியது.

"உயிரோட இருக்காரு! கயிறு, கயிறைக் கொண்டாங்க!" இன்ஸ்பெக்டர் கத்தினார். ஜீப்பிலிருந்து கயிறு வந்தது. கேப்டன் அதை வாங்கி, பழகிய கையால் இடுப்பில் சுற்ற ஆரம்பித்தார். "நான் இறங்கறேன். எனக்கு இந்தப் பாறை பழக்கம்."

"கேப்டன்" என்றார் அத்தை. "நீங்க கயிறைத் தொட வேணாம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் மேடம்?" இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. "நேரம் போகுது!"

"அதனாலதான் சொல்றேன். கீழ இருக்கறவர் பேசற நிலையில இருக்கலாம். இவர் தனியா அவர்கிட்ட போகக் கூடாது." அத்தை கேப்டனை நேராகப் பார்த்தார். "எல்லாருக்கும் முன்னாடி வந்து போர்டை நிறுத்தினதா சொன்னீங்க. போர்டு முதல்ல வந்திருந்தா டயர் தடம் கல்லைச் சுத்தித்தான் போகணும். கல்லுக்கு அடியில எப்படிப் போச்சு? டாக்டர் போன பிறகுதான் போர்டு நின்னிருக்கு. மத்த தடத்தையெல்லாம் பெருக்கினீங்க. கல்லை வச்ச இடத்தை மட்டும் பெருக்க முடியலை. தம்பி கடைசியா, வேனுக்கு முன்னாடி நடந்து வந்தவரு. டாக்டருக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல அந்தப் பிரிவுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

கேப்டனின் கை கயிற்றை விட்டது. இன்ஸ்பெக்டர் அதை வாங்கித் தன் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். கான்ஸ்டபிளும் தீயணைப்பு வீரர் ஒருவரும் இறங்கினார்கள்.

மாப்பிள்ளை தன் தோளில் கிடந்த ஜாக்கெட்டைக் கழற்றினான். எங்கே போடுவது என்று தெரியாமல் பாலத்தின் கைப்பிடியில் தொங்கவிட்டான். குளிர் எலும்பில் ஏறியது. பரவாயில்லை என்று நின்றான்.

"போன பயணத்துலயே போர்டு விழுந்து கிடந்துச்சு" என்றார் கேப்டன். அந்த உடைந்த குரலில் எல்லாமே ரகசியம் சொல்வதுபோல இருந்தது. "அடுத்த தடவை நிமிர்த்திக்கலாம்னு விட்டுட்டேன். அன்னிக்கு வந்து பாத்தா, வழி தெரியாம டாக்டரோட தடம் உள்ள போயிருக்கு. துரத்திட்டு வந்தேன். வர்றதுக்குள்ள விழுந்துட்டாரு. சைக்கிள் மட்டும் பலகையில மாட்டித் தொங்கிட்டு இருந்துச்சு. அவர்கிட்ட அசைவே இல்ல மேடம். செத்துட்டாருன்னு நினைச்சேன். என்னாலதான் செத்தாருன்னு தெரிஞ்சா நான் உள்ள போயிடுவேன். அந்தப் பயத்துல சைக்கிளைத் தள்ளிவிட்டுட்டு வந்துட்டேன். உயிர் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா விட்டுட்டு வந்திருப்பேனா?"

"எங்க அண்ணி என்னைக் கொலைகாரன்னு நினைச்சுட்டு இருக்காங்க" என்றான் தம்பி. "ரெண்டு நாளா என் பக்கத்துல நின்னு என் கூடவே அண்ணா, அண்ணான்னு கத்தினீங்களே கேப்டன். அந்தப் பள்ளத்துல அவன் இல்லன்னு தெரிஞ்சுகிட்டே கத்தினீங்களா?"

கேப்டன் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பயந்தாங்கொள்ளி, கொலைகாரன் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். தானும் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துக்கூடப் பார்த்தான்.

டாக்டரைப் பலகையில் கட்டி மேலே ஏற்றினார்கள். முகம் வெந்து, உதடு தோல் உரிந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. தம்பி மடியில் அவர் தலையைத் தாங்கிக்கொண்டான். வேன்காரர் ஓடிவந்து ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். ஒவ்வொரு சொட்டும் இறங்க வெகுநேரம் பிடித்தது.

டாக்டரின் பார்வை சுற்றிலும் நின்ற முகங்களின் மேல் ஊர்ந்தது. கேப்டனிடம் வந்து நின்றது.

"கூப்பிட்டேன்" என்றார். காற்றுதான் வந்தது. அத்தை குனிந்து காதைக் கொடுத்தார். "கேப்டன், தண்ணின்னு கூப்பிட்டேன். பாத்தாரு. மேல சைக்கிள்லேருந்து பாட்டிலை எடுத்தாரு. கீழ போடப் போறாருன்னு நினைச்சு..." மூச்சு வாங்கினார். "ரெண்டு கையையும் நீட்டினேன்."

தீயணைப்பு வீரர் ஒருவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் வந்த இரக்கம் நெஞ்சில் கசந்தது. "ஏன்யா?" என்று கேட்டான். "போட்டிருந்தா என்னய்யா?"

"குடிச்சிருந்தா பொழைச்சிருப்பாரு" என்றார் கேப்டன். "போர்டு இல்லைன்னு சொல்லியிருப்பாரு." பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "அதுக்கப்புறம் எத்தனையோ தடவை திரும்பி வரலாம்னு நினைச்சேன். வந்தா, ஏன் அப்பவே தூக்கலைன்னு கேப்பாரு. நேரம் ஆக ஆக வர முடியலை."

இன்ஸ்பெக்டர் அவர் கையில் விலங்கைப் போட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே கையால் தம்பியின் காலரைப் பிடித்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, தம்பியின் பக்கம் பார்க்காமலேயே நடந்தார்.

வேனிலிருந்து அடுப்பையும் டிரம்மையும் இறக்கிப் போட்டுவிட்டு உள்ளே டாக்டரைக் கிடத்தினார்கள். வேன்காரர் குழி மேடு பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஆம்புலன்ஸ் தார் ரோடு தொடங்கும் இடத்தில் காத்திருந்தது. அத்தையின் கார் பின்னால் வந்தது. முன்னால் போன வேனின் பின்கண்ணாடி வழியாகத் தம்பியின் தலை தெரிந்துகொண்டே இருந்தது. அவன் குனிந்து பேசுவதும், காதைக் கொடுத்துக் கேட்பதும், மறுபடி பேசுவதும்.

"அண்ணனும் தம்பியும் என்ன பேசறாங்களோ" என்றான் மாப்பிள்ளை.

"பேசட்டும்" என்றார் அத்தை.

பாதி வழிக்கு மேல் தம்பியின் தலை நிமிரவில்லை. வேன் வேகம் குறைந்தது. பிறகு ஓரமாக நின்றது. வேன்காரர் இறங்கி, வெள்ளைப் பாதையில் நின்றபடி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்.

அத்தை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிப் பிடித்து மாப்பிள்ளை பார்த்ததே இல்லை.

தார் ரோட்டுக்கு வந்தபோதுதான் மாப்பிள்ளையின் போனுக்கு உயிர் வந்தது. அந்தப் பெண்ணின் அழைப்புகள் வரிசையாகத் திரையில் ஏறின. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அடித்தது.

"அத்தை, அவங்கதான். நீங்களே பேசிடுங்க. எனக்கு வாய் வரலை."

அத்தை போனை வாங்கினார். எடுக்கவில்லை. ஆம்புலன்ஸின் கதவுக்குப் பக்கத்தில் நின்ற தம்பியிடம் போய் நீட்டினார். "உங்க அண்ணி."

"நானா? நான் பேசினா வச்சிடுவாங்க மேடம்."

"வைக்க மாட்டாங்க. பேசுங்க. வேற யாரும் சொல்லக் கூடாது இதை."

தம்பி போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தான். "அண்ணி..." என்றான்.

அவள் குரல், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கும் கேட்கும்படி, மிகத் தெளிவாக வந்தது.

"நீயா பேசற? அப்ப அவர் பேச மாட்டாரா?"

அத்தை மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்தார். "வாங்க மாப்பிள்ளை. நாம நிக்க வேண்டிய இடம் இல்லை இது." அவன் அவரோடு காரை நோக்கி நடந்தான். பின்னால் தம்பியின் குரல் கேட்டது.

"வர்றேன் அண்ணி. அண்ணனைக் கூட்டிட்டு வர்றேன்."